குடும்பம் முதலில் சிறுத்தது, காசு பிறகு வந்தது: தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

"பெத்தது ஒன்பது, தங்கினது ஆறு." பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் எங்கள் அப்பாயி இப்படித்தான் சொல்வார். அழ மாட்டார், குரல் தாழாது. கடலை மூட்டைக் கணக்கு சொல்வது போலச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார். திண்டுக்கல் பக்கம் மானாவாரி ஊர். 1942இல் முதல் பிள்ளை, 1960இல் கடைசிப் பிள்ளை. அவருடைய மருமகளான என் அம்மா 1981இல் கல்யாணமாகி அதே வீட்டுக்கு வந்தார். 1982இல் நான், 1985இல் தங்கை, அதோடு ஆபரேஷன். எனக்கும் தங்கைக்கும் இன்று ஆளுக்கு ஒரு பிள்ளை.

ஒன்பது, இரண்டு, ஒன்று. இந்த மூன்று எண்களில் முதல் இரண்டுக்கும் நடுவே இருக்கும் 25 ஆண்டுகள்தான் என்னை வெகுநாளாகக் குடைகின்றன. 1960க்கும் 1985க்கும் இடையில் அந்த வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. அதே ஓட்டு வீடு, அதே மேடு பள்ளமான காடு, மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன். மண்ணெண்ணெய் விளக்கு போய் மின்விளக்கு வந்தது, அப்பாவுக்கு ஒரு சைக்கிள் வந்தது. அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் ஒன்பதிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அல்ல, தெரு முழுக்க.

பாடப்புத்தகம் சொல்லும் வரிசை

பொருளாதார வளர்ச்சிக்கும் பிறப்பு விகிதத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக் கல்லூரியில் சொல்லித்தரும் வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொழில் வளரும், வருமானம் ஏறும், மக்கள் நகரத்துக்குப் போவார்கள், சாவு குறையும், கொஞ்ச காலம் கழித்துப் பிறப்பும் குறையும். மக்கள்தொகை அறிஞர்களான வாரன் தாம்சன் 1929இலும் ஃபிராங்க் நோட்ஸ்டைன் 1945இலும் மேற்கு நாடுகளின் அனுபவத்தை வைத்து இந்தச் சித்திரத்தை வரைந்தார்கள். 1974இல் புக்கரெஸ்ட் நகரில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசிய கரண் சிங், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்றார். அந்த வாக்கியம் உலகம் முழுக்கப் பரவியது. இரண்டே ஆண்டுகளில், நெருக்கடிநிலைக் காலத்தில், அவர் அமைச்சராக இருந்த அரசே கட்டாயக் கருத்தடையில் இறங்கியது தனிச் சோகம்.

நாடுகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இந்தச் சித்திரம் சரிதான். பணக்கார நாடுகளில் பிள்ளைகள் குறைவு, ஏழை நாடுகளில் அதிகம். ஆனால் ஒரே இடத்தைக் காலவரிசையில் பின்தொடர்ந்து போனால் கதை அப்படி அமைவதில்லை. பிரான்சில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஆலைகள் பெருகுவதற்கு முன்பே, கிராமத்துக் குடும்பங்கள் சிறுக்கத் தொடங்கிவிட்டன. தொழிற்புரட்சியின் தாய்வீடான இங்கிலாந்தில் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்துத்தான் அது நடந்தது. தமிழ்நாடும் பிரான்ஸ் போன வழியில் போன இடம் என்று நான் நினைக்கிறேன்.

எண்கள்

மாதிரிப் பதிவு முறை என்று இந்தியப் பதிவாளர் அலுவலகம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கு இருக்கிறது. அதில் வரும் மொத்தக் கருவள விகிதம்தான் நாம் பார்க்க வேண்டியது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவார் என்பதன் மதிப்பீடு அது. 2.1 இருந்தால் ஒரு தலைமுறை தன்னை அப்படியே நிரப்பிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் 1971இல் அது 3.9. பத்து ஆண்டு கழித்து 1981இல் 3.4. அதுவரை மெதுவாகத்தான் இறங்குகிறது. அப்புறம் ஒரு சரிவு: 1991இல் 2.2. பத்தே ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைக்கு மேல் குறைந்துவிட்டது. 1993இல் 2.1ஐத் தொட்டது. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே இதற்கு முன்னால், 1988 வாக்கில், அந்த இடத்துக்கு வந்திருந்தது.

அதே பத்தாண்டுகளில் தமிழ்நாடு எப்படி இருந்தது? திட்டக்குழுவின் கணக்கில் 1983இல் தமிழ்நாட்டில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் கிட்டத்தட்ட 52 சதவீதம். இந்திய சராசரி 44. நாட்டின் சராசரியைவிட ஏழையான ஒரு மாநிலத்தில்தான் இந்தச் சரிவு நடந்தது. பசுமைப் புரட்சியில் செழித்த பஞ்சாபை எடுத்துக்கொள்ளுங்கள். 1993–94இல் அங்கே வறுமை 12 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் 1991இல் அங்கே கருவள விகிதம் 3.1. பக்கத்து ஹரியானாவில் 4.0. டிராக்டர் வைத்திருந்த மாநிலங்களில் மூன்று, நான்கு. கடலைக் காட்டில் கூலிக்குப் போன மாநிலத்தில் இரண்டு.

தமிழ்நாட்டின் இன்றைய பொருளாதாரத்துக்கு அடையாளமாக நாம் காட்டும் எதுவும் அப்போது இல்லை. ஃபோர்டும் ஹூண்டாயும் சென்னைக்கு வந்தது 1990களின் பின்பாதியில். டைடல் பார்க் திறந்தது 2000இல். கார் ஆலையும் கணினியும் வந்து சேர்ந்தபோது குடும்பம் ஏற்கெனவே சிறுத்துவிட்டிருந்தது.

பெத்தது, தங்கினது

அப்படியானால் எது மாற்றியது? ஒற்றைக் காரணம் தேடினால் கிடைக்காது. ஆனால் சில காரணங்களுக்கு மற்றவற்றைவிட எடை அதிகம். முதல் எடையை நான் பிள்ளைகளின் உயிருக்குக் கொடுப்பேன்.

அப்பாயி பேச்சில் இருந்த அந்த இரண்டு வினைச்சொற்களைக் கவனியுங்கள். பெறுவது வேறு, தங்குவது வேறு. எத்தனை தங்கும் என்று தெரியாத நிலையில் எத்தனை பெறுவது என்று திட்டமிட முடியாது. என் அம்மா பேச்சில் இந்தப் பிரிவே கிடையாது. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்பார், அவ்வளவுதான். 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 1991இல் அது 57 ஆகிப் பாதியாகக் குறைந்திருந்தது. 2020இல் 13. பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக்குள் வந்துவிட்டது. அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்தது பெரும்பாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையமும், சைக்கிளிலோ நடந்தோ வீடு வீடாக வந்த நர்சம்மாவும், தடுப்பூசியும்தான். தனிமனித வருமானம் ஏறுவதற்குக் காத்திருக்காமல் அரசு செய்த வேலை இது.

அடுத்தது சோறு. 1956 முதல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும் பிள்ளைகளைக் காட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இழுத்தன. எங்கள் பெரியப்பா ஆறு வயதில் ஆடு மேய்க்கப் போனவர். அவருக்குப் பள்ளிக்கூடம் என்பது வேலியின் அந்தப் பக்கம் கேட்ட வாய்ப்பாட்டுச் சத்தம். நான் ஆறு வயதில் தட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் இதைச் செல்வத்தின் ஓட்டம் திரும்புவது என்று விளக்கினார். பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு வந்துகொண்டிருந்த உழைப்பும் பணமும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகத் தொடங்கும் நேரத்தில் குடும்பம் சிறுக்கும் என்பது அவர் வாதம். எங்கள் தெருவில் அந்தத் திருப்பம் ஆடு மேய்ப்பதிலிருந்து தட்டு தூக்குவதற்கு மாறிய இடத்தில் நடந்தது. சிவகாசிப் பக்கம் அதே காலத்தில் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் திரும்பவில்லை.

படிப்பு என்றால் அம்மாவின் படிப்பு என்றுதான் ஆய்வுகள் வழக்கமாகச் சொல்லும். அது முக்கியம்தான். 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 51 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், உத்தரப்பிரதேசத்தில் 25. ஆனால் என் அம்மா ஐந்தாவதோடு நின்றவர். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் கையெழுத்தே வராது, அவருக்கும் மூன்றுதான். இந்தியா முழுக்க 1990களில் நடந்த சரிவில் பெரும்பங்கு பள்ளிக்கே போகாத பெண்களிடம் நடந்தது என்பது ஆய்வாளர்கள் கண்டு வியந்த விஷயம். தான் படிக்காதவள், தன் பிள்ளையாவது படிக்கட்டும் என்று நினைத்த தாய்தான் அந்தச் சரிவின் மையம். அம்மாவிடம் ஒருமுறை நேராகவே கேட்டேன், ஏன் இரண்டோடு நிறுத்தினீர்கள் என்று. "நர்சம்மா சொன்னாங்கன்னு நெனச்சியா? ரெண்டு பேரையும் சட்டை கிழியாம பள்ளிக்கூடம் அனுப்பணும்ல" என்றார். இந்தச் சட்டை கிழியாமல் என்பதற்குள் எவ்வளவோ இருக்கிறது.

சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் கே. நாகராஜ் தமிழ்நாட்டின் சரிவை ஆராய்ந்தபோது, 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர் ஆர்சேன் டுமோனின் கருத்து ஒன்றைக் கையில் எடுத்தார். திரி எண்ணெயை மேலே இழுப்பது போலச் சமூகத்தில் மேலே ஏற வேண்டும் என்ற ஆசை குடும்பங்களை இழுக்கும். ஏற நினைப்பவர் சுமையைக் குறைப்பார் என்பது அந்தக் கருத்து. எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஆசை வருவதற்குக் காசு வந்திருக்க வேண்டியதில்லை. மேலே ஒரு படி கண்ணுக்குத் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் அந்தப் படி தெரிந்தது. ஊருக்கு ஊர் டவுன் பஸ் போனது, டூரிங் டாக்கீஸ் வந்தது, இட ஒதுக்கீட்டில் தெருக்கோடி வீட்டுப் பையன் ஒருவன் வாத்தியாராகவோ கண்டக்டராகவோ ஆனான். ஒருவன் ஆனதைப் பார்த்துப் பத்து வீடு கணக்குப் போட்டது.

மேடையும் ஆபரேஷன் தியேட்டரும்

பிள்ளை பெறுவது விதியல்ல, முடிவு என்ற எண்ணமே ஒரு சமூகத்துக்கு முதலில் வர வேண்டும். பெரியார் 1930 வாக்கிலேயே தன் குடி அரசு ஏட்டில் கர்ப்பத்தடை பற்றி வெளிப்படையாக எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்றபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். இதில் உள்ள வேறுபாடு பெரிது. மற்றவர்கள் நாட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள், அவர் பெண்ணைப் பார்த்துப் பேசினார். அதனால்தான் என் அம்மா ஆபரேஷன் செய்துகொண்டார் என்று சொல்ல மாட்டேன். அம்மா குடி அரசு படித்தவர் அல்ல. ஆனால் இந்தப் பேச்சு மேடை மேடையாகப் போன மண்ணில், பிற்காலத்தில் காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க. என யார் ஆட்சிக்கு வந்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டை எதிர்த்துப் பெரிய கூச்சல் எழவில்லை. கோயில் மதில் உட்பட எல்லாச் சுவரிலும் சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்ற வாசகமும் ஏறின. யாரும் அழிக்கவில்லை.

அதிகாரிகளின் பங்கும் உண்டு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசுவாமி பிறகு சென்னை மாகாணத்தின் உயர் அதிகாரியாக வந்து குடும்பக் கட்டுப்பாட்டையே தன் பணியாக எடுத்துக்கொண்டார். 1956 முதல் கருத்தடை செய்துகொண்ட ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுத்தார்கள். அப்போது ஆபரேஷனுக்கு வந்தவர்களில் ஆண்கள்தான் அதிகம். பின்னாளில் தலைமைச் செயலாளராக இருந்த டி.வி. அந்தோணி இதில் காட்டிய தீவிரத்தால் "வாசக்டமி அந்தோணி" என்று, ஆண்களுக்கான அந்த ஆபரேஷனின் பெயரையே அடைமொழியாகப் பெற்றார். நெருக்கடிநிலையில், 1976–77இல், இந்தியா முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் நடந்தது. ஆண்களை வளைத்துப் பிடித்த அந்தக் கொடுமைக்குப் பிறகு எந்த அரசியல்வாதிக்கும் ஆண்களிடம் போய்க் கேட்கத் துணிச்சல் வரவில்லை. பாரம் முழுக்கப் பெண்களின் வயிற்றின் மேல் வந்து விழுந்தது.

அம்மாவுக்கு 1985இல் அது நடந்தது ஒரு முகாமில். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். கைக்குழந்தையாக இருந்த தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாச்சி கூடப் போயிருக்கிறார். வராந்தாவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். உள்ளே போய் வந்தவர்களைக் கட்டிலில் படுக்க வைக்க இடம் இல்லை, தரையில் பாய். மயக்கம் முழுதாகத் தெளிவதற்குள் தங்கை பாலுக்கு அழ, அம்மாச்சி அவளை அம்மாவின் பக்கத்தில் கிடத்திப் பிடித்துக்கொண்டாராம். மறுநாள் கையில் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் கடைசி சீட். ஒவ்வொரு குழிக்கும் தையல் பிரிந்துவிடும் போல இருந்தது என்று அம்மா இன்றும் சொல்வார். ஒரு மாதம் குடம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்தாம் நாள் தூக்கினார். வீட்டில் வேறு யார் தூக்குவது? அப்பாவுக்கு அந்த ஆபரேஷன் செய்திருக்கலாமே என்று கேட்டால், "ஆம்பளைக்கு ஒடம்பு தளந்து போச்சுன்னா ஏர் யாரு புடிக்கிறது" என்று அந்தக் காலத்துப் பதிலையே சொல்வார். அது உண்மையல்ல என்று எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டார்.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. தமிழ்நாட்டின் வெற்றி என்று நாம் எழுதும் வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் வயிற்றில் இருக்கும் தழும்பு. மாத்திரை, காப்பர்-டி என்று இடைவெளி விடும் வழிகளைச் சொல்லித்தராமல் ஒரேயடியாக மூடிவிடும் வழியை மட்டும் காட்டியது தவறு. அதை நான் தவறு என்றே சொல்வேன்.

அதே நேரத்தில், எல்லாமே அரசின் திணிப்பு என்பதும் சரியல்ல. ஒவ்வொரு ஊழியரும் இத்தனை பேரைப் பிடித்துவர வேண்டும் என்ற இலக்கு முறையை 1996இல் நாடு முழுக்கக் கைவிட்டார்கள். இலக்கு போன பிறகும் தமிழ்நாட்டில் பிறப்பு ஏறவில்லை, இறங்கிக்கொண்டேதான் போனது. வேண்டாம் என்ற முடிவு வீட்டுக்குள் எடுக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிறு குடும்பத்தின் இருட்டுப் பக்கம்

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்த வேகத்தில் ஆண் பிள்ளை வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. ஐந்து பெற்றால் அதில் ஒன்றாவது ஆணாக இருக்கும். இரண்டோடு நிறுத்துகிறவர்களுக்கு அந்த உறுதி இல்லை. சேலம், தருமபுரி, உசிலம்பட்டி பகுதிகளில் பெண் சிசுக் கொலை வெளியே தெரிய வந்தது சரியாக இந்தச் சரிவின் காலத்தில்தான். 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குச் சேலத்தில் 851 பெண் குழந்தைகள்தான், தருமபுரியில் 826. ஸ்கேன் வந்த பிறகு சில இடங்களில் கொலை கருவறைக்குள்ளேயே முடிந்துவிட்டது. அப்போது பிறக்காமல் போன பெண்களை நினைக்காமல் கருவள விகிதம் 2.1ஐத் தொட்டது என்று என்னால் மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை.

பிறகு காசு வந்தது

1993–94இல் தமிழ்நாட்டின் வறுமை 35 சதவீதமாக இறங்கி இந்திய சராசரிக்குச் சற்றுக் கீழே வந்தது. அதன் பிறகு நடந்தது நாம் எல்லாரும் பார்த்த வளர்ச்சி. சிறு குடும்பம் அந்த வளர்ச்சிக்கு ஒரு கை கொடுத்தது என்றே நான் நினைக்கிறேன். 2019–20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைபார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இருந்த அப்பாயியின் தலைமுறையை எந்த ஆலையும் வேலைக்கு எடுத்திருக்காது. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திய வீட்டில்தான் மூத்த பெண்ணைத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தாமல் பன்னிரண்டாவது வரை படிக்க வைக்க முடிந்தது. வளர்ச்சி பிறப்பைக் குறைக்கும் என்ற அம்புக்குறியைத் தமிழ்நாட்டில் ஒரு காலகட்டத்துக்குத் திருப்பித்தான் போட வேண்டும்.

ஆனால் 2.1க்குக் கீழே போன பிறகு பாடப்புத்தகம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. 2005–06 தேசிய குடும்ப நல ஆய்வில் 1.8. மாதிரிப் பதிவு முறையில் 2020இல் 1.4, 2023இல் 1.3. இந்த இரண்டாம் இறக்கத்தில் காசுக்கு நேரடியான பங்கு இருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு பிள்ளையின் தரத்தில் போடுவார்கள் என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1960களிலிருந்து சொல்லிவந்த வாதம் எங்கள் வீட்டில் அப்படியே நடக்கிறது. தங்கை கோவையில் இருக்கிறாள். அவள் மகனுக்கு எல்.கே.ஜி. சேர்க்கக் கட்டிய தொகையை அம்மாவிடம் இன்றுவரை உண்மையாகச் சொல்லவில்லை. வாடகை, வேன் கட்டணம், டியூஷன், இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். இரண்டாவது பற்றிப் பேச்சு வந்தாலே, "வேலைய விட்டா ஈ.எம்.ஐ. யாரு கட்டுறது" என்பாள். அம்மாவின் முடிவு சட்டை கிழியாமல் இருக்க எடுத்த முடிவு. மகளின் முடிவு வேலையை இழக்காமல் இருக்க எடுக்கும் முடிவு. இரண்டும் வெவ்வேறு.

வளர்ச்சி மிக உயரத்துக்குப் போனால் பிறப்பு மீண்டும் கொஞ்சம் ஏறும் என்று 2009இல் மைர்ஸ்கிலாவும் அவர் தோழர்களும் ஒரு ஆய்வில் காட்டியபோது பலருக்கு நம்பிக்கை வந்தது. பிறகு வடக்கு ஐரோப்பிய நாடுகளிலேயே அது இறங்கிவிட்டது. தென்கொரியா 2023இல் 0.72. அங்கே காசுக்குக் குறைவில்லை. நீண்ட வேலை நேரமும், படிப்புப் போட்டியும், வீட்டு வேலை முழுவதும் பெண்ணின் தலையில் இருப்பதும் அப்படியே இருந்தால் பெண்கள் கல்யாணத்தையே தள்ளிவைப்பார்கள் என்பதைக் கொரியா காட்டுகிறது. சென்னையிலும் கோவையிலும் அதன் தொடக்கத்தைப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேருந்து நிலையச் சுவர் ஒன்றை நான் சிறுவயதிலிருந்து பார்த்துவருகிறேன். முன்பு அதில் சிவப்பு முக்கோணம் இருந்தது, நான்கு சிரித்த முகங்களோடு. அது உதிர்ந்து, மேலே வெள்ளையடித்து, இப்போது அதே இடத்தில் கருத்தரிப்பு மையம் ஒன்றின் விளம்பரம், ஒரு குண்டுக் குழந்தையோடு.

பதினாறும், தொகுதிகளும்

குறைந்த பிறப்பு இப்போது அரசியலாகிவிட்டது. 1971இல் இந்திய மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 7.5 சதவீதம். 2011இல் சுமார் 6. மக்களவைத் தொகுதிகளின் பகிர்வு 1976இல் அரசமைப்புத் திருத்தத்தால் 1971 கணக்கோடு உறைய வைக்கப்பட்டது. பிறகு அந்த உறைவு 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டு மக்கள்தொகைப்படி பிரித்தால், சொன்னபடி குடும்பத்தைக் கட்டுப்படுத்திய மாநிலம் தன் குரலின் எடையை இழக்கும். இது அநியாயம், இதை எதிர்ப்பது சரி.

ஆனால் அதற்கு மருந்தாக அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 அக்டோபரில் ஒரு திருமண மேடையில் முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் "பதினாறும் பெற்று" வாழ்த்தை எடுத்து, தொகுதி மறுவரையறையோடு சேர்த்து, இனி பதினாறு பிள்ளை பெற வேண்டியிருக்குமோ என்ற பொருளில் பேசினார். அந்த வாழ்த்தில் வரும் பதினாறு பிள்ளைகள் அல்ல, பதினாறு வகைச் செல்வங்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நாட்டுக்காகக் குறை என்று சொல்லி என் அம்மாவைத் தரையில் படுக்க வைத்தார்கள். தொகுதிக்காகக் கூட்டு என்று சொல்லித் தங்கையிடம் யாரும் வரக் கூடாது. இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு வேலை போகாது, காப்பகம் பக்கத்தில் இருக்கும், கணவன் பாதி வேலையைச் செய்வான் என்ற நிலை வந்தால் அவளே பெற்றுக்கொள்வாள். வேண்டாம் என்று நினைப்பவளை விட்டுவிட வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை வேறு இடத்தில். 2021இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 13.6 சதவீதம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கேரளத்துக்கு அடுத்து நாம்தான் முன்னால். மேற்கு நாடுகள் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஓய்வூதியமும் காப்பீடும் கட்டி முடித்த பிறகு முதுமையைச் சந்தித்தன. நாம் இன்னும் கட்டவில்லை. இங்கே முதியோர் உதவித்தொகை 2023இல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது, அதுவும் தகுதி பார்த்துத்தான். 1980களில் முகாம் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களுக்கு இப்போது 65ஐ ஒட்டி வயது. அவர்களின் இரண்டு பிள்ளைகளும் படித்துவிட்டார்கள், வெளியூரில் இருக்கிறார்கள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டியிருக்கிறோம். மூன்று அறை, ஒரு ஆள். அப்பாயி கடைசி ஒரு வருடம் படுக்கையில் இருந்தபோது ஆறு பிள்ளைகள், மருமகள்கள் என்று முறை வைத்துப் பார்த்தார்கள், புரட்டிப் போடவே இரண்டு பேர் இருப்பார்கள். அம்மா முழங்கால் வலிக்கு மாதம் ஒருமுறை டவுனுக்குப் போய் ஊசி போட்டு வருகிறார். கூட யார் வருவது என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வருவாராம். அவருக்கும் அதே வலி, அவருடைய மூன்று பிள்ளைகளும் திருப்பூரில். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார்களாம், படி உயரமாக இருப்பதால்.